கலம் மாறினால் ஊசி நிற்குமா?
நீரிழிவு ஆராய்ச்சியில் உருமாற்றப்படும் கலங்கள்

நீரிழிவை நம் ஊர்களில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. "சீனி" என்றாலே போதும். "வாப்பாக்குச் சீனி", "உம்மாக்குச் சீனி கூடிட்டு", "கிளினிக்குக்குப் போய்ச் சீனி பார்த்திட்டு வாறன்" என்றுதான் பேச்சு. இந்தப் பேச்சு நுழையாத வீடுகள் குறைவு. அதனால்தான் "ஸ்டெம் செல் மூலம் சீனி வருத்தம் முற்றாகக் குணம்" என்றொரு செய்தி கைபேசிக்கு வந்ததும் நின்று வாசிக்கிறோம். இன்னும் நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். சிலர் அதோடு நிற்பதில்லை. "இனி ஊசி என்னத்துக்கு?" என்ற முடிவுக்கும் போய்விடுகிறார்கள்.

அந்தச் செய்திகளுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. உடம்பின் வேறொரு கலத்தை எடுத்து, அதை இன்சுலின் சுரக்கும் கலமாக மாற்றும் முயற்சி அது. ஐம்பது வருடங்களுக்கு முன்னர் யாரும் இதை நம்பியிருக்க மாட்டார்கள். இன்று மனிதர்களிடமே பரிசோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் அது எங்கே நிற்கிறது, எதைத் தாண்டியிருக்கிறது, எதை இன்னும் தாண்டவில்லை என்பதைப் பிரித்து அறிந்துகொள்ளாவிட்டால் நல்ல செய்தியே ஆபத்தாக முடியும்.

சதையிக்குள் சிறுதீவுகள்

இரைப்பைக்குப் பின்புறமாகக் கிடக்கும் சதையியின் பெரும்பகுதி, உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைச் சுரக்கிறது. 1869இல் ஜெர்மனியில் போல் லங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர், அந்தத் திசுவுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறு வகைக் கலங்கள் திட்டுத்திட்டாக இருப்பதை நுணுக்குக்காட்டியில் கண்டார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பாடசாலையில் நாம் படித்த லங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் அவைதான். ஒரு மனிதரின் சதையியில் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுதீவுகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் ஓரிரு கிராமுக்கு மேல் வராது.

1889இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் சதையியை அகற்றினார்கள். அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் சதையியில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது.

சிறுதீவுகளில் பல வகைக் கலங்கள் இருந்தாலும் நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டு. ஒன்று பீட்டா கலம், மற்றது அல்பா கலம். இவற்றின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு நோன்பு நாளை நினைத்துப் பார்த்தால் போதும். அஸர் தாண்டிய நேரம், வயிறு வெறுமை. இரத்தத்தில் குளுக்கோசு குறைந்துகொண்டு போகும்போது அல்பா கலம் குளுக்ககன் என்ற ஹோர்மோனை விடுகிறது. ஈரல் சேமித்து வைத்த குளுக்கோசை அது வெளியே எடுக்கச் சொல்கிறது. அதனால்தான் சுகதேகியான ஒருவர் மயங்கி விழாமல் மஃரிப் வரை தாக்குப்பிடிக்கிறார். பாங்கு சொன்னதும் ஈத்தம்பழமும் கஞ்சியும் உள்ளே போகின்றன. இப்போது குளுக்கோசு ஏறுகிறது. உடனே பீட்டா கலம் இன்சுலினை விடுகிறது. தசைக்கும் கொழுப்புக்கும் ஈரலுக்கும் "வந்ததை உள்ளே எடுத்துக்கொள்" என்று சொல்வது இன்சுலின். ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும். இரண்டும் ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. இந்த அயல்வீட்டு உறவு பின்னால் முக்கியமாகப் போகிறது.

இரண்டு நோய், ஒரு பெயர்

"சீனி வருத்தம்" என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. முதலாம் வகையில், நம்மைக் கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே பீட்டா கலங்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவர்களையும் இளவயதினரையும் பிடிப்பது இது. இவர்களிடம் இன்சுலின் கிட்டத்தட்ட இல்லை. ஊசி இல்லாமல் உயிர் வாழ ஏலாது. இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. பீட்டா கலங்கள் மேலும் மேலும் உழைத்து ஒரு கட்டத்தில் களைத்துப் போகின்றன. நம் பெரியவர்களிடம் நாம் பார்ப்பது அநேகமாக இதுதான்.

1922 வரை முதலாம் வகை நோய் பிள்ளைகளுக்கு மரண தண்டனையாகவே இருந்தது. அந்த வருடம் ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டது. பான்டிங், பெஸ்ட், மக்லியோட், கொலிப் ஆகியோரின் உழைப்பு அது. மரணத்தின் வாசலில் நின்ற அந்தச் சிறுவன் பின்னர் 26 வயது வரை வாழ்ந்தான். அக்காலத்து இன்சுலின் மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும் எடுக்கப்பட்டது. மனித இன்சுலினை பக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கும் முறை வந்து, 1982இல் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. முஸ்லிம் நோயாளிகளின் மனதை உறுத்திய ஒரு கேள்விக்கும் அது வழி காட்டியது.

ஆனாலும் ஊசி என்பது பீட்டா கலத்துக்கு ஈடாகாது. பீட்டா கலம் குளுக்கோசை ஒவ்வொரு கணமும் அளந்து, தேவையான அளவை மட்டும் விடுகிறது. ஊசி போடுபவர் ஊகித்துத்தான் போடுகிறார். கூடினால் சீனி இறங்கி மயக்கம். குறைந்தால் காலப்போக்கில் கண், சிறுநீரகம், கால் எல்லாம் பாதிப்பு. ஆகவே கேள்வி இப்படி மாறியது: இன்சுலினைக் கொடுப்பதற்குப் பதிலாக, இன்சுலின் சுரக்கும் கலத்தையே கொடுத்தால் என்ன?

கலத்தின் தலையெழுத்து மாறுமா?

நம் உடம்பின் கலங்கள் அனைத்தும் ஒரே கருக்கட்டிய முட்டையிலிருந்து பிரிந்து வந்தவை. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. இன்சுலினைச் செய்யும் மரபணு நமது தோல் கலத்திலும் உண்டு, ஈரல் கலத்திலும் உண்டு. ஆனால் அங்கே அது மூடிக் கிடக்கிறது. ஒரே நூலின் பிரதி எல்லோர் கையிலும் இருக்க, ஒவ்வொருவரும் தமக்குரிய அத்தியாயத்தை மட்டும் விரித்து வைத்திருப்பது போல. எந்த அத்தியாயத்தைத் திறப்பது என்று தீர்மானிப்பவை சில புரதங்கள். அவை மரபணுக்களின் மீது அமர்ந்து அவற்றை இயக்குகின்றன, நிறுத்துகின்றன. எளிமைக்காக இவற்றைச் சுவிட்ச் புரதங்கள் என்போம்.

ஒரு கலம் தோலாகவோ தசையாகவோ ஆகிவிட்டால் பிறகு அதுவே அதன் முடிவு என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. மலையுச்சியிலிருந்து உருளும் பந்து ஏதோவொரு பள்ளத்தாக்கில் போய்த் தங்கிவிடுகிறது. அது மேலேறவும் மாட்டாது, அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாவவும் மாட்டாது. பிரித்தானிய உயிரியலாளர் வடிங்டன் 1957இல் வரைந்து காட்டிய படம் இது.

1987இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹரல்ட் வெயின்ட்ரொப் குழுவினர் மயோ-டி என்ற ஒரேயொரு சுவிட்சைக் கொண்டு, இணைப்பிழையக் கலங்களைத் தசைக் கலங்களாக மாற்றினார்கள். பந்து அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாவியது. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா இன்னும் பெரிய அதிசயத்தைச் செய்தார். எலியின் சாதாரணக் கலத்துக்குள் நான்கு சுவிட்சுகளைச் செலுத்தி அதை எந்தக் கலமாகவும் ஆகக்கூடிய ஆரம்ப நிலைக்குத் திருப்பினார். பந்து மலையுச்சிக்கே ஏறிவிட்டது. மறு வருடம் மனிதக் கலத்திலும் அது கைகூடியது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாறு இரண்டு பாதைகள் திறந்தன. ஒன்று நேரடிப் பாதை: ஒரு முதிர்ந்த கலத்தை இன்னொரு முதிர்ந்த கலமாக மாற்றுவது. மற்றது சுற்றுப் பாதை: கலத்தை முதலில் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து படிப்படியாகப் பீட்டா கலமாக வளர்ப்பது.

நேரடிப் பாதை: அயல்வீட்டுக் கலங்கள்

நேரடிப் பாதையில் பெரிய திருப்பம் 2008இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. டக்ளஸ் மெல்டன் தவளைகளின் கருவளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவரது ஆண் குழந்தைக்கு ஆறு மாத வயதில் முதலாம் வகை நீரிழிவு என்று தெரிய வந்தது. அன்றிலிருந்து அவரது ஆய்வு முழுவதும் பீட்டா கலத்தின் பக்கம் திரும்பியது. பின்னர் மகளுக்கும் அதே நோய். தன் பிள்ளைகளுக்காக ஒரு தகப்பன் எடுத்துக்கொண்ட வேலை என்று இதைச் சொன்னால் தவறில்லை.

மெல்டனும் அவரது ஆய்வுகூடத்தில் இருந்த சியாவ் சோவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவிட்ச் புரதங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 9 மிஞ்சின. அந்த ஒன்பதிலிருந்து மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: பிடிஎக்ஸ்-1, என்ஜிஎன்-3, மாஃப்-ஏ. இந்த மூன்றையும் ஒரு வைரசில் ஏற்றி, உயிருள்ள எலியின் சதையிக்குள் செலுத்தினார்கள். நொதியம் சுரந்துகொண்டிருந்த சாதாரணக் கலங்கள் சில நாட்களிலேயே இன்சுலின் செய்யத் தொடங்கின. வடிவத்திலும் பீட்டா கலங்களை ஒத்துப் போயின. நீரிழிவு எலிகளின் குளுக்கோசு கணிசமாக இறங்கியது. முழுமையாகக் குணமாகவில்லை. என்றாலும் வளர்ந்த விலங்கின் உடம்புக்குள்ளேயே ஒரு கலத்தை இன்னொன்றாக மாற்ற முடியும் என்பது நிரூபணமானது.

அடுத்த ஆச்சரியம் ஜெனீவாவிலிருந்து வந்தது. பெட்ரோ ஹெரெராவின் குழு எலிகளின் பீட்டா கலங்களில் 99 சதவீதத்துக்கும் மேலானவற்றை அழித்து, அவற்றை இன்சுலின் கொடுத்து மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தது. பிறகு பார்த்தால், புதிதாக இன்சுலின் கலங்கள் முளைத்திருந்தன. எங்கிருந்து வந்தன? அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்ததில் அவற்றில் பல முன்னர் அல்பா கலங்களாக இருந்தவை என்று தெரிந்தது. அயல்வீட்டுக்காரன் போனதும் அவனது வேலையைப் பக்கத்து வீட்டுக்காரன் பொறுப்பெடுத்தது போல. யாரும் சுவிட்ச் செலுத்தவில்லை. உடம்பு தானாகவே செய்தது. ஆனால் அப்படி மாறியவை மிகச் சிறு பங்குதான். 2010இல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து 2019இல் அதே குழுவினர் மனித அல்பா கலங்களுக்கு இரண்டு சுவிட்சுகளைக் கொடுத்து, அவை குளுக்கோசுக்கு ஏற்ப இன்சுலின் விடுவதைக் காட்டினார்கள். நீரிழிவு எலிகளுக்குள் வைத்தபோது எலிகள் தேறின. எடுத்துவிட்டபோது நோய் திரும்பியது.

மூன்றாவது இடம் இரைப்பை. சதையியும் இரைப்பையும் கருவில் ஒரே படையிலிருந்து உருவாகின்றன. இரைப்பையின் மூலக்கலங்களை அகநோக்கி மூலம் சிறு துணுக்காக எடுக்கலாம். ஆய்வுகூடத்தில் நன்றாகப் பெருகவும் செய்யும். மேலே சொன்ன சியாவ் சோ பின்னர் நியூயோர்க்கின் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் இதை எடுத்து நடத்தினார். அதே மூன்று சுவிட்சுகளை ஒரு ஒழுங்கில் இயக்கியபோது மனித இரைப்பைக் கலங்களில் சுமார் 70 சதவீதம் இன்சுலின் கலங்களைப் போன்று மாறின. 2023இல் வெளியான அந்த ஆய்வில், அவற்றைப் பெற்ற நீரிழிவு எலிகளின் குளுக்கோசு 100 நாட்களுக்கு மேல் சீராக இருந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று: இதுவரை சொன்ன வெற்றிகள் எல்லாம் எலிகளில்தான்.

சுற்றுப் பாதை: மனிதரை வந்தடைந்தது

மனிதரிடம் முதலில் வந்து சேர்ந்தது சுற்றுப் பாதைதான். 2014இல் மெல்டனின் குழு, மூலக்கலங்களைப் பல வாரங்கள் ஒவ்வொரு கட்டமாக வளர்த்து, குளுக்கோசுக்குப் பதிலளிக்கும் பீட்டா கலங்களைக் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்தது. அந்த வழியில் வந்த சிமிஸ்லெசெல் என்ற மருந்தை வேர்ட்டெக்ஸ் நிறுவனம் மனிதரில் பரிசோதித்து வருகிறது. கலங்கள் ஈரலுக்குச் செல்லும் நாளத்தினூடாகச் செலுத்தப்படுகின்றன. ஈரலில் தங்கி இன்சுலின் விடுகின்றன. 2025இல் வெளியான முடிவின்படி, முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தின் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். எல்லோரும் கடுமையான முதலாம் வகை நோயாளிகள்.

இந்தக் கலங்களின் மூலம் மனிதக் கருமுளை என்பதால் மார்க்க ரீதியான கேள்வியும் எழும். உலமாக்களும் மருத்துவர்களும் சேர்ந்து இருந்து பேச வேண்டிய விடயம் அது. முதிர்ந்த கலத்தை மாற்றும் ஆராய்ச்சிக்கு இவ்வளவு மதிப்பிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கருமுளை தேவையில்லை.

சீனாவின் தியன்ஜின் நகரில் நடந்தது அதற்கு உதாரணம். முதலாம் வகை நீரிழிவுள்ள 25 வயதுப் பெண் ஒருவரின் கொழுப்பிழையத்திலிருந்து கலங்களை எடுத்தார்கள். மரபணுக்களைச் செலுத்தாமல் இரசாயனங்களைக் கொண்டே அவற்றை ஆரம்ப நிலைக்குத் திருப்பி, சிறுதீவுகளாக வளர்த்து, 2023 ஜூனில் அவரது வயிற்றுத் தசை உறைக்குள் வைத்தார்கள். 75 நாட்களில் அவருக்கு ஊசி தேவைப்படவில்லை. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹொங்குயி முதலானோர் 2024இல் இதை வெளியிட்டார்கள். தன் உடம்பின் கலமே தனக்கு மருந்தானது.

கொன்றவன் இன்னும் வீட்டுக்குள்

இவ்வளவும் கைகூடியிருக்க, ஏன் நம் கிளினிக்குகளில் இது இல்லை?

புதுக் கலத்தைச் செய்வது பாதி வேலைதான். முதலாம் வகை நோயாளியின் பழைய பீட்டா கலங்களைக் கொன்ற நிர்ப்பீடனத் தொகுதி அவருக்குள்ளேயே விழித்திருக்கிறது. புதிய பீட்டா கலம் வந்தால் அதையும் தேடிப் பிடிக்கும். சொந்தக் கலத்திலிருந்து செய்தாலும் தப்பாது. முதலில் அழிந்தவையும் சொந்தக் கலங்கள்தானே! ஆகவே நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். சிமிஸ்லெசெல் பெற்றவர்கள் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். அந்த ஆய்வில் ஒருவர் பங்கசால் வரும் மூளையுறை அழற்சியால் இறந்தார். நிர்ப்பீடனம் அடங்கிய உடம்பில் வரக்கூடிய தொற்று அது. தியன்ஜின் பெண்ணோ முன்னரே ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்தவர். அதற்காக அத்தகைய மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த மருந்து இல்லாதிருந்தால் அவரது கலங்கள் பிழைத்திருக்குமா என்பதை அந்தச் சிகிச்சையைக் கொண்டு சொல்ல முடியாது.

காலம் இரண்டாவது பரீட்சை. 2000இல் கனடாவின் எட்மன்டன் நகரில், இறந்தவர்களின் சிறுதீவுகளைப் பெற்ற 7 பேரும் ஊசியை விட்டார்கள். உலகமே கொண்டாடியது. ஆனால் அங்கு சிகிச்சை பெற்றவர்களை ஐந்து வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, ஊசி இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 10 சதவீதமே. மற்றவர்களில் பலருக்கு ஓரளவு இன்சுலின் சுரந்தது, ஆனால் போதவில்லை.

நிர்ப்பீடனத்தின் கண்ணில் படாத கலங்களைச் செய்வதே இப்போதைய முயற்சி. சுவீடனின் உப்சாலாவில், மரபணுத் திருத்தம் செய்த கொடையாளர் சிறுதீவுகளை ஒரு நோயாளியின் முன்கைத் தசைக்குள் வைத்தார்கள். நிர்ப்பீடன அடக்கி எதுவும் கொடுக்கவில்லை. 12 வாரங்களின் பின்னும் அவை உயிரோடு இன்சுலின் விட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. வைத்த அளவு சிறிது. அவர் ஊசியை நிறுத்தவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது. இன்னொரு கவலையும் உண்டு. பெருகும் இயல்புள்ள ஒரு மூலக்கலம் மாறாமல் தப்பி உள்ளே போனால் அது கட்டியாக வளரலாம். அதனால்தான் ஒவ்வொரு அடியும் மெதுவாக வைக்கப்படுகிறது.

நம்மில் பெரும்பாலானோருக்கு

இரண்டாம் வகை நோயாளிக்கு இதில் என்ன இருக்கிறது? கலம் மாறுவது ஒரு திசையில் மட்டும் நடப்பதில்லை. 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொமெனிகோ அச்சிலி குழுவினர் எலிகளில் கண்டது இது: உழைத்துக் களைத்த பீட்டா கலங்கள் எல்லாம் இறந்துவிடவில்லை. பல, தம் அடையாளத்தை இழந்து, இன்சுலின் செய்வதை மறந்த நிலைக்குப் பின்வாங்கியிருந்தன. செத்ததைத் திருப்ப ஏலாது, மறந்ததை நினைவூட்டலாம் அல்லவா?

பிரித்தானியாவில் 306 பேரிடம் நடந்த டிரெக்ட் என்ற ஆய்வு இந்த எதிர்பார்ப்புக்கு இசைவானது. நோய் கண்டு ஆறு வருடங்களுக்கு உட்பட்டவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளுக்கு சுமார் 850 கலோரி உணவு மட்டும், மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. ஒரு வருடத்தின் பின் அவர்களில் 46 சதவீதமானோர் மருந்தில்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இவர்கள் இன்சுலின் ஊசி போடுபவர்கள் அல்லர். எடை திரும்பினால் நோயும் திரும்பும். தானாக வீட்டில் பட்டினி கிடந்து செய்யும் காரியமும் அல்ல இது. ஆனால் ஆய்வுகூடக் கலங்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி, ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு இருக்கிறது என்பதை அது காட்டியது.

செய்தி வந்தால் என்ன கேட்பது?

அடுத்த முறை "சீனிக்கு முடிவு" என்று ஏதாவது வந்தால், அனுப்புவதற்கு முன் நாலு கேள்வி கேட்போம். எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில், எவ்வளவு காலம்? முதலாம் வகைக்கா, இரண்டாம் வகைக்கா? நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தோடா, இல்லாமலா? உண்மையான ஆய்வாக இருந்தால் நாலுக்கும் பதில் அதிலேயே இருக்கும். முதலாம் வகை நோயை நிரந்தரமாகக் குணமாக்கும் "ஸ்டெம் செல் ஊசி" இருக்கிறது, பணம் கட்டினால் போடலாம் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது உலகின் எந்த முன்னணி ஆய்வுகூடமும் இன்னும் எட்டாத ஒன்றை.

முதலாம் வகை நோயுள்ள ஒரு பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாட்களுக்குள்ளேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்து வந்துவிடும். நம்பிக்கையான செய்தி எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் இன்றைய ஊசி இன்றே போடப்பட வேண்டும். மெல்டனின் பிள்ளைகளும் தகப்பனின் ஆராய்ச்சி நடந்த அத்தனை வருடங்களும் இன்சுலினில்தான் வளர்ந்தார்கள்.